ஒரே லைப்ரரியை விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்கும் கட்டி வெளியிடுவது எப்படி?

தங்கச்சிமடத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி அனுப்பும் வரிகளைப் படித்து, கடல் எல்லைக் கோட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடும் லைப்ரரி (மற்ற ப்ரோக்ராம்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுதி) ஒன்றை சி++ மொழியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் அது நன்றாக ஓடுகிறது. மண்டபத்து நண்பர் அதையே லினக்ஸ் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் போட்டால், கெட்டுப்போன வரியைக்கூட நல்ல வரி என்று எடுத்துக்கொள்கிறது. பாம்பனில் இன்னொருவர் தன் ஆண்ட்ராய்டு ஆப்பில் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திரும்ப எழுத வேண்டுமா, இல்லை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே கோப்பாகக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்கிறீர்கள். எனக்குப் புரிந்த வரை இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரே மூலநிரல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள அதை எப்படிப் பிரித்து எழுத வேண்டும் என்பது ஒன்று. முகம் தெரியாத ஒருவர் அதை எடுத்து நம்பிப் பயன்படுத்தும்படி எப்படி வெளியிடுவது என்பது இன்னொன்று. நீங்கள் முதலாவதைத்தான் கேட்டீர்கள். உங்கள் நேரத்தை அதிகம் வாங்கப் போவது இரண்டாவதுதான். ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு சி, சி++ லைப்ரரிகளைப் பல வருடங்களாகப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு என்பதால், இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் நேரடிப் பதில். திரும்ப எழுத வேண்டாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பைனரியும் (மெஷின் நேரடியாக ஓட்டும் கோப்பு) கிடையாது. மூலநிரல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு ப்ராசஸர், ஆபரேட்டிங் சிஸ்டம் ஜோடிக்கும் தனியாகக் கம்பைல் செய்ய, அதாவது மூலநிரலைப் பைனரியாக மாற்ற, வேண்டும். அதை மெஷினிடம் ஒப்படைத்துவிடலாம் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை.

பிரிப்பதைப் பற்றி. உங்கள் நிரலில் ஜிபிஎஸ் கருவி இணைந்திருக்கும் சீரியல் போர்ட்டைத் திறப்பது, வரியைப் படிப்பது, வரி கெடாமல் வந்ததா என்று காட்டும் செக்சம் எண்ணைப் பார்ப்பது, தூரம் கணக்கிடுவது, திரையில் எழுதுவது எல்லாம் ஒரே கோப்பில் கலந்து கிடக்கின்றன. இதில் நடுவில் இருக்கும் மூன்று வேலைகள் மட்டும்தான் லைப்ரரி. போர்ட்டைத் திறக்கும் முறை விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் வேறு. ஆண்ட்ராய்டிலோ ஆப்புக்கு அந்த போர்ட்டைத் தொடவே பொதுவாக அனுமதி இல்லை. ஆப் எழுதப்படும் ஜாவா அல்லது கோட்லின் மொழிப் பக்கத்திலிருந்துதான் இருப்பிடத் தகவல் வரும். அதனால் உங்கள் மையப்பகுதி பைட்டுகளை வாங்கிக்கொண்டு எண்களைத் திருப்பிக் கொடுத்தால் போதும். கோப்பைத் திறக்கக் கூடாது, மணி பார்க்கக் கூடாது, நெட்டுக்குப் போகக் கூடாது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே டவர் போய்விடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பிரிப்புக்கு எஸ்கியூலைட் நல்ல முன்மாதிரி. 2000இல் வெளிவந்த அந்த டேட்டாபேஸ் லைப்ரரி இன்று அநேகமாக எல்லா ஃபோனிலும் இருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொடும் வேலைகளை அவர்கள் ஒரு தனி அடுக்கில் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். முழு லைப்ரரியையும் ஒரே ஒரு சி கோப்பாகவும் தருகிறார்கள். அதையும் அதன் ஹெடரையும் (ஃபங்ஷன்களை அறிவிக்கும் கோப்பு) இறக்கி உங்கள் ப்ராஜெக்டில் போட்டால் வேலை முடிந்தது. உங்களுடையதைப் போன்ற சின்ன லைப்ரரிக்கு இதைவிட வசதியான வடிவம் எனக்குத் தெரியாது.

கோப்பைத் திறக்கக் கூடாது என்று சொன்னதற்கு நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஒருவர் தன் பதிவுக் கோப்புக்குத் ‘தென்கடல்’ என்று தமிழில் பெயர் வைத்திருப்பார். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் கோப்புப் பெயர் வெறும் பைட்டுகள் என்பதால் யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் முறையில் எழுதிய பெயர் அப்படியே வேலை செய்யும். விண்டோஸில் சி மொழியின் வழக்கமான கோப்புத் திறக்கும் ஃபங்ஷனுக்கு அதே பெயரைக் கொடுத்தால், அது பெயரைப் பழைய கோட்பேஜ் என்ற எழுத்து அட்டவணை வழியாகப் படித்து, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லிவிடும். அங்கே யூனிகோட் பெயரை ஏற்கும் அகல எழுத்து வகை ஃபங்ஷனை அழைக்க வேண்டும். இந்தத் தலைவலியை லைப்ரரி ஏன் சுமக்க வேண்டும்? ஆப் எழுதுபவர் கோப்பைத் திறந்து உள்ளிருப்பதைக் கொடுக்கட்டும்.

அடுத்தது லைப்ரரியின் வெளிமுகம். உள்ளே சி++ தாராளமாக இருக்கட்டும். வெளியே தெரியும் ஃபங்ஷன்கள் சி வடிவத்தில் இருக்கட்டும். சி++ கம்பைலர்கள் ஃபங்ஷன் பெயரை உருமாற்றித்தான் பைனரியில் எழுதுகின்றன. அந்த உருமாற்றம் மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் ஒரு விதம், ஜிசிசி, கிளாங் இரண்டிலும் வேறு விதம். ஸ்டிரிங், வெக்டர் போன்ற வகைகளின் உள்ளமைப்பும் இடத்துக்கு இடம் மாறும். சி முகத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. பைத்தான், ஜாவா, சி ஷார்ப், ரஸ்ட், டார்ட் எல்லாமே சி ஃபங்ஷனை அழைக்கும் வழியை வைத்திருக்கின்றன. உள்ளே இருக்கும் அமைப்பை வெளியே காட்டாமல் ஒரு பாயின்டரை (மெமரி முகவரி) மட்டும் கையில் கொடுங்கள். சி++இன் பிழை அறிவிப்பான எக்ஸெப்ஷன் எதுவும் அந்த எல்லையைத் தாண்டி வெளியே போகக் கூடாது. பிழையைப் பிழை எண்ணாகத் திருப்புங்கள். மெமரி விஷயத்தில் எந்தக் கம்பெனி ஐஸ் பெட்டியோ அந்தக் கம்பெனிக்கே திரும்ப வேண்டும் என்கிற கணக்குதான். லைப்ரரி ஒதுக்கிய இடத்தை லைப்ரரியின் ஃபங்ஷன்தான் விடுவிக்க வேண்டும். விண்டோஸில் ஆப்பும் டிஎல்எல் வடிவில் இருக்கும் லைப்ரரியும் வேறு வேறு சி ரன்டைமை (சி மொழியின் அடிப்படை ஃபங்ஷன்கள் கொண்ட தொகுதி) பிடித்திருக்கலாம், அப்போது ஒருவர் ஒதுக்கியதை இன்னொருவர் விடுவித்தால் ப்ரோக்ராம் விழுந்துவிடும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை, அடிப்படை விதி. இன்னொன்று: லாங் என்ற எண் வகையை வெளிமுகத்தில் எங்குமே வைக்காதீர்கள். 64 பிட் லினக்ஸில் அது 64 பிட், 64 பிட் விண்டோஸில் 32 பிட். அகலத்தைப் பெயரிலேயே சொல்லும் எண் வகைகளைப் பயன்படுத்துங்கள்.

இப்போது ராஸ்பெர்ரி பைக்கு வருவோம். நீங்கள் இணைத்திருந்த துண்டிலேயே காரணம் தெரிகிறது. செக்சத்தின் இரண்டு எழுத்துகளை எண்ணாக மாற்ற ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கிறீர்கள். எழுத்து ஹெக்ஸ் எண்ணாக (0-9, A-F) இல்லையென்றால் அது -1 திருப்புகிறது. அழைத்த இடத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்து வரியைத் தள்ளுகிறீர்கள். சரியான யோசனைதான். ஆனால் அந்த ஃபங்ஷன் திருப்பும் வகை கேர், ஒரு எழுத்தை வைக்கும் எட்டு பிட் வகை. இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் கேர் எதிர்ம எண்ணையும் வைத்துக்கொள்ளும். ராஸ்பெர்ரி பையில் இருப்பது ஆர்ம் ப்ராசஸர்; அதில் ஓடும் லினக்ஸில் கேர் எதிர்ம எண்ணே இல்லாத வகை. -1 அங்கே 255 ஆகிவிடுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே என்ற சோதனை அங்கே ஒருபோதும் உண்மையாகாது. செக்சம் இடத்தில் குப்பை எழுத்து வந்தால் தள்ள வேண்டிய வரி தள்ளப்படாமல் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. நண்பரின் கருவியில் எந்தக் கோளாறும் இல்லை. திருப்பும் வகையை, எங்கேயும் எதிர்ம எண்ணை வைக்கும் இன்ட் என்று மாற்றினால் இந்த ஓட்டை அடைபடும். ஜிசிசியிலும் கிளாங்கிலும் கேரை எதிர்ம எண் இல்லாததாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஃபிளாக் (கட்டளைக் குறி) இருக்கிறது. அதைப் போட்டு உங்கள் லேப்டாப்பிலேயே டெஸ்டுகளை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இதே ஜாதிப் பிழை வேறு எங்கேயாவது ஒளிந்திருந்தால் ராஸ்பெர்ரி பை இல்லாமலே பிடிபடும்.

டெஸ்ட் என்றதும் ஞாபகம் வருகிறது: ரெப்போவில் (உங்கள் நிரலைச் சேமித்து வைத்திருக்கும் இடம்) ஒரு டெஸ்ட்கூட இல்லை. பல இடங்களில் ஓடும் லைப்ரரிக்கு டெஸ்ட்தான் உயிர். எங்கே ஆரம்பிப்பது என்று ஒரு உதாரணம் தருகிறேன். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை எல்லையை ஆறு புள்ளிகளால் சொல்கிறது. மன்னார் வளைகுடாப் பகுதி 1976 ஒப்பந்தத்தில் வருகிறது. 1974இன் மூன்றாவது புள்ளி வடக்கே 9 டிகிரி 40.15 நிமிடம், கிழக்கே 79 டிகிரி 22.60 நிமிடம். ஜிபிஎஸ் கருவி அதே இடத்தில் நின்றால் என்எம்இஏ என்ற ஜிபிஎஸ் வடிவ வரியில் 0940.1500 என்றும் 07922.6000 என்றும் எழுதும். டிகிரியும் நிமிடமும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வரும். நிமிடத்தை 60ஆல் வகுத்துச் சேர்த்தால் 9.66917 டிகிரி. வகுக்க மறந்து 9.4015 என்று படித்தால் புள்ளி 16 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். ஒப்பந்தப் புள்ளிகள் ஆறையும் என்எம்இஏ வரிகளாக எழுதி, வர வேண்டிய விடையோடு டெஸ்டில் வையுங்கள். கூடவே பாதியில் அறுந்த வரி, செக்சம் தப்பான வரி, செக்சத்துக்கு முன் வரும் நட்சத்திரக் குறி இல்லாத வரி, முற்றிலும் வெற்று வரி எல்லாம் இருக்கட்டும்.

இதே இடத்தில் இன்னொரு பள்ளம். எழுத்திலிருந்து தசம எண்ணாக மாற்ற நீங்கள் பயன்படுத்தும் சி ஃபங்ஷன், ஆப் எந்த நாட்டு வழக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் தசமக் குறியை முடிவுசெய்யும். தமிழிலும் ஆங்கிலத்திலும் புள்ளி என்பதால் இங்கே யாருக்கும் தெரியாது. ஜெர்மன் வழக்கத்தில் கமா. அங்கே ஒரு ஆப் உங்கள் லைப்ரரியைச் சேர்த்தால் 0940.1500 என்பது 940இலேயே நின்றுவிடும், 0.15 நிமிடம், ஏறக்குறைய 280 மீட்டர், சத்தமில்லாமல் காணாமல் போகும். சி++17இல் நாட்டு வழக்கத்தைப் பார்க்காத மாற்று ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் தசம எண்ணுக்கான வடிவம் எல்லா கம்பைலரிலும் ஒரே நேரத்தில் வரவில்லை; ஜிசிசியில் 11ஆம் பதிப்பில்தான் வந்தது. பழைய கம்பைலரையும் ஆதரிக்க வேண்டுமென்றால், இலக்கங்களை நீங்களே ஒவ்வொன்றாகப் படிக்கும் சின்ன ஃபங்ஷன் எழுதிவிடுங்கள், இருபது முப்பது வரிதான். அப்புறம், தூரத்தின் விடையைக் கடைசி இலக்கம் வரை சமமா என்று டெஸ்டில் ஒப்பிடாதீர்கள். சைன், கொசைன் ஃபங்ஷன்களின் கடைசி பிட் ஒவ்வொரு சிஸ்டத்திலும் கொஞ்சம் மாறலாம். அரை மீட்டர் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு அது போதும்.

கட்டுவதற்கு சிமேக் என்ற கருவியை வைத்துக்கொள்ளுங்கள். அழகான மொழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் விஷுவல் ஸ்டுடியோ, ஆண்ட்ராய்டுக்கு சி++ கட்டும் என்டிகே, லினக்ஸ் மூன்றும் அதைப் புரிந்துகொள்ளும். உங்கள் லைப்ரரியை எடுப்பவரும் பெரும்பாலும் அதைத்தான் எதிர்பார்ப்பார். ரெப்போ பொதுவில் இருந்தால், கிட்ஹப் தளத்தின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்று மெஷின்களையும் இலவசமாகத் தருகிறது. ஒவ்வொரு முறை நிரலை ஏற்றும்போதும் மூன்றிலும் கட்டி டெஸ்ட் ஓட்டச் சொல்லுங்கள். கையில் மேக் இல்லாதவருக்கு இது பெரிய உதவி. எச்சரிக்கைகளை எல்லாம் காட்டும் ஃபிளாக்கையும் போடுங்கள். மூன்று கம்பைலரும் மூன்று விதமாகக் குறை சொல்லும், அதில் பாதி உண்மையான குறையாக இருக்கும். விண்டோஸில் எந்த ஃபங்ஷன் வெளியே தெரிய வேண்டும் என்று குறித்தால்தான் தெரியும். லினக்ஸில் குறிக்காவிட்டால் எல்லாமே தெரியும். லினக்ஸிலும் எல்லாவற்றையும் மறைத்து, வேண்டியதை மட்டும் திறந்துவிடுங்கள்.

லினக்ஸுக்கு பைனரி கொடுப்பதில் ஒரு தனிச் சங்கடம். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் புதிய பதிப்பில் கட்டினால் பைனரி அந்தப் புதிய ஜிலிப்சியின் (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) பதிப்பைக் கேட்கும். பழைய சிஸ்டத்தில் போட்டதும் ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்ற மாதிரி ஒரு வரி வந்து நின்றுவிடும். பழையதில் கட்டியது புதியதில் ஓடும், தலைகீழாக ஓடாது. ஆதரிக்க நினைக்கும் சிஸ்டங்களில் எது மிகப் பழையதோ அதில் கட்டுவதுதான் வழி. பைத்தான்காரர்கள் இதற்காகவே மெனிலினக்ஸ் என்ற ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அதில் 2014 வகை சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸின் ஜிலிப்சி 2.17ஐ அடிப்படையாகக் கொண்டது. பைத்தான் வழியாகவும் கொடுப்பதாக இருந்தால் சிபில்ட்வீல் என்ற கருவி இந்த வேலைகளில் பெரும்பகுதியைச் செய்துவிடும். ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு நான் பைனரியே கொடுக்க மாட்டேன். ஒரு சி++ கோப்பும் ஒரு ஹெடரும் என்றால் அவர்களே அரை நிமிடத்தில் கட்டிக்கொள்வார்கள்.

ஆண்ட்ராய்டில் குறைந்தது இரண்டு ப்ராசஸர் வகைகளுக்குக் கட்ட வேண்டும்: 64 பிட் ஆர்ம், 32 பிட் ஆர்ம். 2019 ஆகஸ்டிலிருந்து ப்ளே ஸ்டோருக்கு 64 பிட் கட்டாயம். 32 பிட்டை நீங்களாக விட்டுவிடாதீர்கள். படகுக்கு எடுத்துப் போகிற ஃபோன் பெரும்பாலும் வீட்டில் பழசாகிப் போன ஃபோன்தான். கணினியில் ஃபோனைப் போல நடிக்கும் எமுலேட்டருக்காக 64 பிட் இன்டெல் வகையையும் சேர்த்துவிடுங்கள். மெமரியைப் பிரிக்கும் பக்க அளவு 16 கேபி (கிலோபைட்) உள்ள ஃபோன்களும் வருகின்றன. ஆண்ட்ராய்டு 15ஐக் குறிவைக்கும் ஆப்களுக்கு 2025 நவம்பரிலிருந்து ப்ளே ஸ்டோர் அதற்கான ஆதரவையும் கேட்கிறது. என்டிகே 28ஆம் பதிப்பில் கட்டினால் அது தானாகவே அப்படி வந்துவிடும். சி++ ரன்டைமை உள்ளேயே சேர்த்துக் கட்டுவது உங்களுடையதைப் போல ஒரே நேட்டிவ் (சி++இல் கட்டிய) கோப்பு இருக்கும்போது சரி. ஆப்பில் வேறு நேட்டிவ் சி++ லைப்ரரிகளும் இருந்தால் கூகுளின் வழிகாட்டியை ஒரு முறை படித்துவிட்டு முடிவெடுங்கள். எல்லாவற்றையும் ஆண்ட்ராய்டு லைப்ரரி வடிவமான ஒரு ஏஏஆர் கோப்பாகக் கட்டி, மேலே மெல்லிய கோட்லின் உறை போட்டுக் கொடுத்தால் பாம்பன் நண்பர் சி++ பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். ஐஃபோன் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு. எக்ஸ்சிஃப்ரேம்வொர்க் என்ற வடிவத்தில் கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற அளவுக்குத்தான் உறுதியாகச் சொல்வேன். யாராவது கேட்கும் வரை அதைத் தள்ளிப்போடலாம். ஓட்டிப் பார்க்க முடியாத சிஸ்டத்தை ‘ஆதரிக்கிறோம்’ என்று எழுதக் கூடாது.

ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதலாமா என்றும் கீழே கேட்டிருந்தீர்கள். இது என் அபிப்பிராயம் மட்டும்தான், வேறு மாதிரி நினைப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் நம்ப முடியாத பைட்டுகளைப் படிக்கும் வேலைக்கு ரஸ்ட் நல்ல மொழி, மேலே சொன்ன கேர் பிழை அதில் வரவே வராது. ஆனால் அங்கேயும் வெளிமுகம் சி வடிவத்தில்தான் இருக்கும், ஆண்ட்ராய்டுக்குத் தனியாகத்தான் கட்ட வேண்டும், ஜிலிப்சி சங்கடமும் அப்படியே இருக்கும். கையில் இருப்பது சில நூறு வரி சி++. அதைச் சுத்தப்படுத்தி முதலில் வெளியிடுங்கள்.

வெளியிடுவதற்கு முன்னால் ஒரு லைசென்ஸ் கோப்பு சேருங்கள். லைசென்ஸ் இல்லாத நிரல் கண்ணுக்குத் தெரிந்தாலும் சட்டப்படி யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது, பதிப்புரிமை முழுக்க உங்களிடமே இருக்கிறது என்று அர்த்தம். எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0 இந்த அளவு லைப்ரரிக்குப் பொருத்தமாக இருக்கும். அடுத்து பதிப்பு எண். மூன்று எண் முறையில் முதல் எண் மாறினால் பழைய நிரல் உடையலாம், நடு எண் மாறினால் புதிதாக ஏதோ சேர்ந்திருக்கிறது, கடைசி எண் மாறினால் பிழை திருத்தம் மட்டும். 0.1.0 என்று ஆரம்பித்தால் வெளிமுகம் இன்னும் மாறலாம் என்று எல்லோருக்கும் புரியும். 1.0.0 என்று போட்ட பிறகு ஒரு ஃபங்ஷனின் பெயரையோ ஒரு ஸ்ட்ரக்டில் உள்ள புலங்களின் வரிசையையோ மாற்றினால், அது உங்களுக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் முதல் எண் ஏறியே ஆக வேண்டும்.

பொதுக் களஞ்சியங்களில் ஏற்றியதைத் திரும்ப எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். பைத்தான் களஞ்சியமான பைபிஐயில் ஒரு கோப்பை அழித்தாலும் அதே பெயரில் வேறொன்றை ஏற்ற முடியாது. ஜாவா, ஆண்ட்ராய்டு லைப்ரரிகளுக்கான மேவன் சென்ட்ரலில் வெளியானது வெளியானதுதான். ரஸ்டின் கிரேட்ஸ் களஞ்சியத்தில் ஒரு பதிப்பை இனி எடுக்க வேண்டாம் என்று குறிக்கலாம், நினைத்தபோது அழிக்க முடியாது. ஏன் இவ்வளவு கறார் என்றால், 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரி லைப்ரரி நீக்கப்பட்டபோது அதை நம்பியிருந்த ஏராளமான ப்ராஜெக்டுகள் கட்ட முடியாமல் நின்றன. டெஸ்ட்பைபிஐ என்ற ஒத்திகைத் தளம் இருக்கிறது, அங்கே முதலில் ஏற்றி, வேறொரு மெஷினில் இறக்கி ஓட்டிப் பாருங்கள். மேவனில் போட சொந்த டொமைன் வாங்க வேண்டியதில்லை, கிட்ஹப் பெயரை வைத்தே இடம் வாங்கலாம்.

சாவி விஷயத்தில் கவனமாக இருங்கள். கடவுச்சொல்லையோ டோக்கனையோ லேப்டாப்பில் வைத்துக் கையால் ஏற்றாமல், பைபிஐயின் ட்ரஸ்டட் பப்ளிஷிங் என்ற வசதி வழியாகக் கிட்ஹப்பிலிருந்தே ஏற்றுங்கள். திருட்டுப்போக நீண்டகாலச் சாவி என்று ஒன்றே இருக்காது. 2024இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. பல மாதங்கள் நல்லவராகப் பழகிப் பராமரிப்பாளர் பொறுப்பைப் பெற்ற ஒரு கணக்கு வழியாகத்தான் அது உள்ளே வந்தது. வெளியீட்டுக் கோப்பில் இருந்த கட்டும் ஸ்கிரிப்டின் ஒரு பகுதி ரெப்போவிலேயே இல்லை. அதனால் வெளியிடும் கோப்பு பொதுவில் தெரியும் மூலநிரலிலிருந்து மெஷின் கட்டியதாகவே இருக்கட்டும். யாராவது உதவ வந்தால் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள், வெளியிடும் உரிமையை மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, உங்கள் லைப்ரரியின் விடையை நம்பி ஒருவர் படகைத் திருப்புவார் அல்லது திருப்பாமல் இருப்பார். அதனால் எல்லைப் புள்ளிகளை நிரலுக்குள் புதைக்காமல் தனித் தரவுக் கோப்பாக வையுங்கள். எந்த ஒப்பந்தத்திலிருந்து எடுத்தது என்று அதிலேயே எழுதுங்கள். எல்லைக் கோடு என்பது 1974 ஒப்பந்தப்படி புள்ளிகளை இணைக்கும் பெருவட்ட வில், அதாவது பூமிப் பந்தின் மேல் மிகக் குறுகிய பாதை. வரைபடத்து நேர்கோடாக எடுத்தால் இந்தத் தூரத்தில் சுமார் பத்து மீட்டர்தான் விலகும், அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், தீர்க்கரேகை வித்தியாசத்தை அட்சரேகையின் கொசைனால் பெருக்காமல் விடுவது. நம் அட்சரேகையில் அது ஒன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பிழை, 20 கிலோமீட்டருக்கு 280 மீட்டர் அளவு. உங்கள் நிரலில் அந்தப் பெருக்கல் இல்லை. விடையோடு அந்த வரியின் தரத்தையும் திருப்புங்கள்: என்எம்இஏவின் ஜிஜிஏ வகை வரியில் சாட்டிலைட் பிடித்திருக்கிறதா என்று சொல்லும் இலக்கம் இருக்கிறது, அது பூஜ்யமாக இருந்தால் தூரம் எதுவும் சொல்லாமல் ‘தெரியவில்லை’ என்றே திருப்ப வேண்டும். கடைசியாகக் கிடைத்த பழைய தூரத்தைக் காட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. கேர் திருத்தம், கொசைன், இந்த இலக்கம் மூன்றையும் முடித்து டெஸ்டுகளோடு ரெப்போவில் ஏற்றிவிட்டுச் சொல்லுங்கள், ஆண்ட்ராய்டு கட்டும் ஸ்கிரிப்டை நான் பார்த்துத் தருகிறேன்.